பென் டிரைவும் போர்ட்டும்: இயங்குதளம் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின், பழைய கணினியை விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாற்றித் தரும்படி என்னிடம் கேட்பவர்கள் அதிகரித்துவிட்டார்கள். எந்த இயங்குதளம் நல்லது என்று வாரக்கணக்கில் விசாரிக்கும் இவர்களே, அதை எந்தப் பென் டிரைவில் ஏற்றுவது, அந்தப் பென் டிரைவை எந்தப் போர்ட்டில் செருகுவது என்று ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. இழுப்பறையில் கைக்கு அகப்பட்ட டிரைவை எடுத்து, குனியாமல் எட்டும் போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். நிறுவல் பாதியில் நின்றால், பழி பதிவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பின் (நிறுவல் வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக அடக்கியது) மீதோ ஹார்டு டிஸ்க்கின் மீதோ விழுகிறது.

இந்தக் கோளாறுகளுள் பலவற்றைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: நிறுவலின்போது பென் டிரைவை இருவர் படிக்கிறார்கள். கணினியை இயக்கியதும் முதலில் படிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ், அல்லது அதன் வாரிசான யு.இ.எஃப்.ஐ. அது நிறுவியின் தொடக்கப் பகுதியை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின், அப்போதுதான் கண்விழித்த புதிய இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், தன்னிடம் இருக்கும் டிரைவர் மென்பொருளைக் கொண்டு அதே பென் டிரைவை மறுபடியும் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். முதலாமவருக்குத் தெரிந்த போர்ட் இரண்டாமவருக்குத் தெரியாமல் போகலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் டிரைவ் தெரிந்துவிட்டது, ஆகவே போர்ட் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது, நான் அடிக்கடி காணும் முதல் தவறு.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு விண்டோஸ் 7. அது 2009-இல் வெளிவந்தது. யு.எஸ்.பி. 3.0 வரையறை அதற்கு முந்தைய ஆண்டே வெளியாகிவிட்டது என்றாலும், அந்தப் போர்ட்டுகளை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கான டிரைவர் விண்டோஸ் 7-இன் நிறுவியில் இடம்பெறவில்லை. யு.எஸ்.பி. 3.0-க்கான நீல நிறப் போர்ட்டில் பென் டிரைவைச் செருகினால் பயாஸ் அதை நன்றாகவே படிக்கும். விண்டோஸ் சின்னமும் மொழித் தேர்வுத் திரையும் வரும். அடுத்த நொடி, தேவையான டிரைவர் ஒன்று இல்லை என்று நிறுவி முறையிடும். பென் டிரைவில் இருந்தே எழுந்த நிறுவி, தான் எழுந்த இடத்தையே தொலைத்துவிட்டு நிற்கும் வேடிக்கை இது. டிரைவைக் கறுப்பு நிற யு.எஸ்.பி. 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்ற அறிவுரை அக்காலத்தில் பிறந்ததுதான். ஆனால் இன்டெல் தனது 100 வரிசைச் சிப்செட்டுகளில் (மதர்போர்டில் போர்ட்டுகளை ஆளும் துணைச் சில்லுகள்), அதாவது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைப் பிராசஸர்களோடு சேர்ந்து வந்தவற்றில், பழைய யு.எஸ்.பி. 2.0 கட்டுப்பாட்டுச் சில்லையே நீக்கிவிட்டது. அந்த மதர்போர்டுகளில் கறுப்புப் போர்ட்டும் உள்ளே புதிய சில்லோடுதான் இணைந்திருக்கிறது. நிறத்தை நம்பிப் போர்ட் மாற்றியவர்களுக்கு அங்கே கீபோர்டும் மவுசும்கூட வேலை செய்யவில்லை. பழைய பில்லிங் மென்பொருளுக்காக இன்றும் விண்டோஸ் 7-ஐ நிறுவ முயல்பவர்கள், யு.எஸ்.பி. 3.0 டிரைவரை நிறுவியினுள்ளேயே முன்கூட்டிச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்த டிரைவர் உடனிருக்கிறது.

நேர்மாறான சிக்கல் அதற்குச் சற்று முந்தைய கணினிகளில் உண்டு. இன்டெல் தன் சிப்செட்டிலேயே யு.எஸ்.பி. 3.0-ஐச் சேர்த்தது 2012-இல் வந்த 7 வரிசையில்தான். அதற்கு முன் மதர்போர்டு தயாரிப்பாளர்கள் ரெனசாஸ் போன்ற வேறு நிறுவனங்களின் சில்லுகளைத் தனியாகப் பொருத்தி நீலப் போர்ட்டுகளை அளித்தார்கள். அவற்றைப் பல பயாஸ்களுக்கு அடையாளம் தெரியாது. ஆகவே, லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது குறையின்றி வேலை செய்யும் அந்தப் போர்ட்டில் இருந்து கணினியைத் துவக்க முடியாது. பூட் மெனுவில் டிரைவின் பெயரே வராது. பென் டிரைவ் பழுதாகிவிட்டது என்று எறிவதற்கு முன், அதைக் கறுப்புப் போர்ட்டில் ஒருமுறை செருகிப் பார்ப்பது நல்லது.

வேகம் குறையுமே என்று தயங்க வேண்டியதில்லை. யு.எஸ்.பி. 2.0-இன் வேகம் ஏட்டளவில் வினாடிக்கு 480 மெகாபிட்; நடைமுறையில் வினாடிக்கு 30 முதல் 40 எம்.பி. கிடைக்கும். 6 ஜி.பி. அளவுள்ள நிறுவியை முழுவதும் படிக்க மூன்று நிமிடம் போதும். அந்த மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்த நீலப் போர்ட்டோடு மல்லுக்கட்டி ஒரு மாலைப்பொழுதை இழப்பது நல்ல கணக்காகாது. கடந்த ஏழெட்டு ஆண்டுகளுக்குள் வாங்கிய கணினிகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவற்றில் மதர்போர்டோடு நேரடியாக இணைந்த எந்தப் போர்ட்டும் பொருந்தும்.

நேரடியாக இணைந்த என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுகள் மெல்லிய கேபிள் வழியாக மதர்போர்டுக்குச் செல்கின்றன. அந்தக் கேபிளின் தரமும் இணைப்பின் இறுக்கமும் கணினிக்குக் கணினி மாறும். உறவினர் ஒருவரின் மேசைக்கணினியில் உபுண்டு நிறுவுகையில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பிழை வந்து நின்றது. ஐ.எஸ்.ஓ. கோப்பை இரண்டு முறை புதிதாகப் பதிவிறக்கினேன், நினைவகச் சோதனையும் செய்தேன். கடைசியில் பென் டிரைவைப் பின்பக்கம் மாற்றியதும் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பில் பழுது இருக்கலாம், இடம் மாறி மாறி நின்றால் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அன்று கற்றது. ஹப், மானிட்டரின் பக்கவாட்டுப் போர்ட், டைப்-சி மாற்றி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டைப்-சி போர்ட் மட்டுமே உள்ள மடிக்கணினியில் மாற்றியைத் தவிர்க்க முடியாது. அங்கே பல கருவிகளை இணைக்கும் பெரிய மாற்றியை விட்டுவிட்டு, ஒன்றுக்கு ஒன்று என்ற சிறிய மாற்றியைப் பயன்படுத்தலாம். இரு முனைகளும் உள்ள பென் டிரைவ் கிடைத்தால் இன்னும் நல்லது.

கம்பியில்லா மவுஸ் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. யு.எஸ்.பி. 3.0 கருவி இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுவதை இன்டெல் 2012-இலேயே ஓர் ஆவணத்தில் விளக்கியது. மவுசின் சிறிய ரிசீவர் பென் டிரைவை ஒட்டிய போர்ட்டில் இருந்தால், சுட்டி தத்தித் தத்திச் செல்லும். நிறுவி உறைந்துவிட்டதாக நினைத்துக் கணினியை அணைத்துவிடத் தோன்றும். இரண்டையும் தள்ளிச் செருகினால் போதும்.

போர்ட்டை மாற்றித் தீராத சிக்கலையும் அறிந்திருக்க வேண்டும். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல மடிக்கணினிகளில் விண்டோஸ் நிறுவி, கணினியின் உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யைக் காட்டாது. சேமிப்பகத்தை ஆளும் வி.எம்.டி. அமைப்புக்கான டிரைவர் நிறுவியில் இல்லாததே காரணம். அந்த டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து எடுத்து அதே பென் டிரைவில் வைத்து, நிறுவி கேட்கும் இடத்தில் காட்ட வேண்டும்.

இனிப் பென் டிரைவ். மைக்ரோசாஃப்ட்டின் கருவி குறைந்தது 8 ஜி.பி. கேட்கிறது, உபுண்டு 24.04-இன் மேசைக்கணினிப் பதிப்பு ஏறத்தாழ 6 ஜி.பி. ஆகவே பழைய 4 ஜி.பி. டிரைவுகளுக்கு இந்த வேலையில் இனி இடம் இல்லை. உறையில் 8 ஜி.பி. என்றிருப்பது விண்டோஸில் 7.45 என்றே தெரியும் என்பதால், 16 அல்லது 32 ஜி.பி. எடுத்துக்கொள்வது நிம்மதி. அதற்கு மேல் பெரிதாக வாங்குவதால் நிறுவலுக்கு நன்மை ஏதும் இல்லை. டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைகளுள், யு.இ.எஃப்.ஐ. கட்டாயமாகப் படிக்க வேண்டியது ஃபேட்32 உள்ளிட்ட ஃபேட் வகையை மட்டுமே. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரமோ நெடுங்காலமாக 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிரைவை ஃபேட்32-ஆக மாற்றித் தந்ததில்லை. அளவு சரியாக இருந்தாலும் ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வில் உள்ள முதன்மைக் கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுவதால், கோப்புகளைக் கையால் நகலெடுப்பவர்கள் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். ரூஃபஸ் என்ற இலவசக் கருவி, டிரைவை இந்த வரம்பு இல்லாத என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைக்கு மாற்றி, யு.இ.எஃப்.ஐ. அதைப் படிப்பதற்கு உதவும் சிறு பகுதி ஒன்றையும் சேர்த்து இதைத் தீர்க்கிறது. ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, ஏன் துவங்கவில்லை என்று கேட்பவர்களும் உண்டு; அப்படி வைத்துத் துவக்க வேண்டுமானால் வென்டாய் போன்ற கருவியை அந்த டிரைவில் முன்பே நிறுவியிருக்க வேண்டும்.

உறையின் மேல் இருக்கும் 3.0 என்ற எண், டிரைவின் இணைப்பைப் பற்றித்தான் பேசுகிறது. உள்ளே இருக்கும் நினைவகச் சில்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. படிக்கும் வேகம் வினாடிக்கு 100 எம்.பி. என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் மலிவு டிரைவின் எழுதும் வேகம் 10 எம்.பி.யாக இருப்பது அரிதன்று. அந்த வேகத்தில் 6 ஜி.பி. எழுதப் பத்து நிமிடம் ஆகும். இதைவிட ஆபத்தானது, லினக்ஸில் நகலெடுக்கும் பட்டை நிறைந்துவிட்டதாகக் காட்டிய பிறகும் தரவு நினைவகத்தில் இருந்து டிரைவுக்குச் சென்றுகொண்டிருப்பது. அப்போது பிடுங்கினால் நிறுவி பாதியாகவே இருக்கும். பாதுகாப்பாக அகற்று என்ற கட்டளை முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

போலி டிரைவுகளைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். உள்ளே 8 ஜி.பி. சில்லை வைத்துக்கொண்டு, தன்னை 256 ஜி.பி. என்று கணினியிடம் அறிவிக்கும்படி மாற்றப்பட்டவை இவை. உண்மையான கொள்ளளவைத் தாண்டி எழுதும் தரவு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மறைந்துவிடும், அல்லது முன்பு எழுதியதை அழித்துவிடும். பதிவிறக்கிய கோப்பு பழுதின்றி வந்ததா என்று காட்டும் எஸ்.எச்.ஏ.256 எண்ணைச் சரிபார்த்தவர்கூட இங்கே ஏமாறுவார், ஏனெனில் அந்தச் சோதனை ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கோப்பைப் பற்றியது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய கருவிகள் டிரைவை முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். மணிக்கணக்கில் ஆகலாம், புது டிரைவுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

நிறுவியை எழுதும்போது டிரைவில் இருப்பவை அனைத்தும் அழியும். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றும் உடன் செருகியிருக்க, பட்டியலில் தவறான பெயரைத் தேர்ந்தெடுத்துக் குடும்பப் படங்களை இழந்தவர்கள் உண்டு. எழுதுவதற்கு முன் மற்ற எல்லாச் சேமிப்பகங்களையும் கழற்றிவிடுவது ஒன்றே நம்பத்தக்க காப்பு.

பூட் மெனுவில் ஒரே டிரைவ் இருமுறை தெரிவதும் உண்டு: ஒன்று யு.இ.எஃப்.ஐ. என்ற முன்னொட்டுடன், மற்றது அது இல்லாமல். விண்டோஸ் 11-க்கு அந்த முன்னொட்டு உள்ளதே வேண்டும். பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கை யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுந்த விண்டோஸ் நிறுவி ஏற்காது. அப்போது குற்றம் பென் டிரைவுடையதன்று.

நிறுவல் முடிந்து கணினி மறுபடி துவங்குகையில் நிறுவியின் முதல் திரையே திரும்ப வந்தால் அஞ்ச வேண்டாம். பயாஸில் பூட் வரிசையை நிரந்தரமாக மாற்றிப் பென் டிரைவை முதலில் வைத்ததன் விளைவு அது. ஒரு முறைக்கு மட்டும் பயன்படும் பூட் மெனுவைப் பயன்படுத்தினால் இது நேராது. இதைவிட விசித்திரமானது, பழைய பயாஸ் முறையில் லினக்ஸ் நிறுவுபவர்களுக்கு நேர்வது. எந்த டிஸ்க் முதலாவது என்ற வரிசையில் பென் டிரைவ் முந்திக்கொண்டு, இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். கணினி குறையின்றி ஓடும், பென் டிரைவ் செருகியிருக்கும் வரை. அதைக் கழற்றி நண்பரிடம் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில் கறுப்புத் திரைதான் வரவேற்கும். நிறுவியின் கடைசித் திரைகளுள் ஒன்றில் பூட்லோடர் எங்கே எழுதப்பட வேண்டும் என்று கேட்கும் சிறிய பெட்டியில், டிஸ்க்கின் பெயரோடு அதன் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடர வேண்டும்.