கட்டிங் மெஷினுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நாமளே செய்யலாம், ஆனா இப்படிச் செய்யுங்க

போன வருஷம் பட்டறையில 14 இன்ச் கட்டிங் மெஷின் ஓடிட்டிருக்கும்போது கருகுற வாசம் வந்துச்சு. மெஷின்தான்னு நெனச்சு ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா வாசம் தரையில கெடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருந்து வருது, திறந்தா சாக்கெட்டோட பின்பக்கம் உருகிப் போயிருக்கு. ஒயர் நல்ல ஒயர்தான், உள்ள ஒரு ஸ்க்ரூ லூஸ், அவ்வளவுதான் காரணம். அன்னைக்குக் கூட வேலை பாக்குற பசங்கள ஒக்கார வச்சு சொல்லிக் குடுத்ததைத்தான் இங்க எழுதுறேன், புதுசா செய்யப் போறவங்க பொறுமையா படிங்க.

முதல்ல கணக்கு. மெஷின் தகட்டுல வாட்ஸ் போட்டிருக்கும், அதை 230ஆல வகுத்தா ஆம்ஸ் வந்துரும். 2200 வாட்ஸ் கட்டிங் மெஷின்னா கிட்டத்தட்ட 10 ஆம்ஸ், ஸ்டார்ட் ஆகுற அந்த நொடியில இதைவிடப் பல மடங்கு இழுக்கும். டிவிக்குப் போடுற 6 ஆம்ஸ் பாக்ஸ் இதுக்கு ஆகவே ஆகாது, 16 ஆம்ஸ் பவர் பிளக்தான். பெரிய வெல்டிங் மெஷின் 16 ஆம்ஸையும் தாண்டும், அதுக்கு எலக்ட்ரீசியன வச்சுத் தனி லைனே போட்டுருங்க.

அடுத்தது ஒயர், இங்கதான் நெறய பேர் காசு மிச்சம் பண்றேன்னு ஏமாறுறாங்க. 30 மீட்டருக்கு முக்கால் ஸ்கொயர் (ஸ்கொயர்னா சதுர மில்லிமீட்டர், உள்ள இருக்குற கம்பியோட தடிமன்) ஒயர் போட்டு 10 ஆம்ஸ் இழுத்தா வழியிலேயே 15 வோல்ட்டுக்கு மேல கொறஞ்சிரும், கிட்டத்தட்ட 150 வாட்ஸ் அந்த ஒயருக்குள்ளயே சூடா நிக்கும், அதுவும் சுருட்டி வச்ச மாதிரியே ஓட்டினா சூடு வெளிய போக வழியில்லாம ஒயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதே 30 மீட்டர் ரெண்டரை ஸ்கொயர்ல போட்டா 5 வோல்ட்டுதான் கொறையும். வோல்டேஜ் எறங்கினா கம்ப்ரஸர் மோட்டார் ஸ்டார்ட் ஆகத் திணறும், கரண்ட்ட இன்னும் ஜாஸ்தி இழுத்து காயில் போயிரும். அதனால ரெண்டரை ஸ்கொயர், 3 கோர் (உள்ள மூணு தனி ஒயர்), ஐஎஸ்ஐ முத்திரை உள்ள காப்பர் ஒயர் வாங்குங்க, ஒரு இழைய பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசினது, வேண்டாம்.

இப்ப வேலை. மேல் ரப்பர சீவும்போது உள்ள இருக்குற ஒயர்ல கத்தி படக்கூடாது, பட்டுச்சுன்னா அந்தத் துண்ட வெட்டிப் போட்டுட்டு மறுபடி சீவுங்க. ஒயர் முனையில பின் லக் (இழைகளச் சேத்துப் பிடிக்கிற சின்ன உலோகக் குழாய் முனை) வச்சு, அதுக்குன்னு இருக்குற கட்டிங் பிளேயர் மாதிரி டூலால அழுத்தி கிரிம்ப் பண்ணுங்க. ஈயம் வச்சு இழைகள ஒட்டாதீங்க, ஈயம் ஸ்க்ரூ அழுத்தத்துல நாளாக நாளாக அமுங்கும், ஸ்க்ரூ தானா லூஸ் ஆயிரும். சிவப்போ பிரவுனோ L-க்கு (கரண்ட் வர்ற லைன்), கருப்போ நீலமோ N-க்கு (நியூட்ரல்), பச்சை எர்த்துக்கு. பச்சைய மட்டும் மத்த ரெண்டையும் விட அரை இன்ச் நீளமா விடுங்க, யாராவது ஒயர வெடுக்குனு இழுத்தா எர்த் கடைசியா கழண்டா போதும். பாக்ஸுக்குள்ள ஒயர இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வெளி ரப்பரப் பிடிக்கணும், உள்ள இருக்குற கலர் ஒயர்கள இல்ல. டைட் பண்ணிட்டு ஒவ்வொரு ஒயரையும் கையால இழுத்துப் பாருங்க.

தகர பாக்ஸ்னா அந்த பாக்ஸுக்கும் எர்த் குடுக்கணும். மெஷின்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருந்தா அதுக்கு எர்த் தேவையில்லதான், ஆனா நாளைக்கு இரும்பு பாடி மெஷின் ஒண்ண இதுலயே சொருகுவோம், அதனால எர்த் ஒயர விட்டுறாதீங்க. ஒயர சீவி தீக்குச்சி வச்சு சாக்கெட்ல சொருகுறதும், ரெண்டு முனையிலயும் பிளக் டாப் மாட்டுறதும் உயிரோட விளையாடுறது, தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பீப்ல (ரெண்டு முனைக்கும் தொடர்பு இருந்தா சத்தம் போடுற செட்டிங்) வைங்க. பிளக்கோட பெரிய பின்னுக்கும் சாக்கெட்டோட பெரிய ஓட்டைக்கும் (ரெண்டும் எர்த்) பீப் வரணும், L-க்கும் N-க்கும் வரக்கூடாது, ரெண்டுல எதுக்கும் எர்த்துக்கும் வரவே கூடாது. சுவர்ல இருக்குற சாக்கெட்டுக்கு எர்த் வருதான்னு எலக்ட்ரீசியன விட்டுப் பாருங்க, அந்த லைன்ல 30 மில்லிஆம்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்ற சுவிட்ச்) இல்லன்னா அதையும் அப்பவே போட்டுருங்க.

அப்புறம் ஒயர முழுசா விரிச்சுட்டு 10 நிமிஷம் மெஷின ஓட்டுங்க, ஆஃப் பண்ணி பிளக்க உருவிட்டு பிளக் டாப்பையும் சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்க. லேசா வெதுவெதுப்பு பரவாயில்ல, கை வைக்க முடியலன்னா உள்ள ஏதோ லூஸ், திறந்து பாக்காம மறுபடி ஓட்டாதீங்க. ஒரு மாசம் கழிச்சு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவ டைட் பண்ணுங்க, என் பாக்ஸ்ல நான் செய்யாம விட்டது அதுதான்.