நாலு மணித் தீனியும் பேரனின் பல்லும்

பேரனுக்கு மூன்று வயதானபோது மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறிக் கிடந்தன. குற்றவாளி நான்தான். சர்க்கரை போட்ட பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவேன். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். இனிப்புப் பால் இரவெல்லாம் பல்லில் தேங்கி நிற்கும்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் பல் மருத்துவர் திட்டவில்லை. பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை எதையாவது மெல்லுகிறான் என்று எண்ணி வரச் சொன்னார். எண்ணினேன்: பதினொன்று! பேக்கரி ரஸ்க், பிஸ்கட், மிட்டாய், மறுபடி ரஸ்க். ஒவ்வொரு முறையும் பல்லில் உள்ள கிருமிகள் இனிப்பை அமிலமாக்கும். அதை எச்சில் சரிசெய்ய அரை மணிக்கு மேலாகும். பதினொரு முறை தின்றால் பல்லுக்கு ஓய்வு எங்கே?

ஆகவே எதைத் தருவது என்பதற்கு முன் எப்போது தருவது என்று முடிவுசெய்யுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைத் தீனி, இடையில் தண்ணீர் மட்டும். லட்டு வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுங்கள். வெல்லம், தேன், பனங்கற்கண்டு எதற்கும் இதில் சலுகை இல்லை, பல்லுக்கு எல்லாம் சர்க்கரைதான். இதைச் சொன்னால் என் அக்கா இன்றும் சண்டைக்கு வருவாள்.

பிஸ்கட் மிட்டாயைவிடச் சாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் பிஸ்கட் தின்று வெகுநேரம் கழித்து அவனை ஆவென்று வாய் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லின் குழிகளில், சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து போல மாவு அப்பியிருந்தது. தண்ணீர் குடித்தும் போகவில்லை; ஈரத்துணியைச் சுற்றிய விரலால் தேய்த்த பிறகே வந்தது.

இப்போது நாலு மணிக்குக் கொய்யா, மெல்லிய கேரட் துண்டு, ஒரு துண்டு பனீர் அல்லது சீஸ். இவற்றை மெல்லும்போது எச்சில் ஊறும். பனீரிலும் சீஸிலும் கால்சியமும் உண்டு. முழு வேர்க்கடலையை மட்டும் ஐந்து வயதுக்குள் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். வேகவைத்து மசித்துத் தரலாம்.

பெங்களூரில் ராகிக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் கூழுக்குப் போவது 30 கிராம் மாவுதான், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 100 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. ராகி இருக்கிறதே என்று பாலை நிறுத்திவிடாதீர்கள். நான் ராகியை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, வறுத்து அரைக்கிறேன். முளைகட்டினால் கால்சியம் உடம்பில் சேர்வது எளிதாகும். வெல்லம் போட்ட மால்ட் வேண்டாம். மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்த கூழைப் பேரன் மடக்கென்று குடித்துவிடுகிறான். இட்லிக்கு எள்ளுப்பொடி, மீன் வாங்கும் நாளில் முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி.

இரவில் பால் முதலில், பல் துலக்கல் பிறகு. ஃப்ளூரைடு பற்பசை மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு போதும். துலக்கிய பின் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது.

ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒன்று முளைக்கும். அதையும் பால்பல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள், அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. பேரனுக்குப் போன மாதம் வந்தது. டார்ச்சை இன்னும் பூஜை அலமாரி ஓரத்திலேயே வைத்திருக்கிறேன்.