இயந்திர அறையின் சிறந்த உழைப்பைக் கண்டறிந்து பாராட்டும் முறை

கடலோரக் காவல் படைக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிய மீனவர்களைக் கரைசேர்க்கும்போது, மறுநாள் செய்தித்தாளில் கப்பலின் பெயர் வருகிறது; சில வேளை அதன் கமாண்டிங் ஆபீசரின் பெயரும் வருகிறது. நள்ளிரவில் அழைப்பு வந்தவுடன் இரண்டு மெயின் இன்ஜின்களும் முதல் முயற்சியிலேயே உயிர்பெறக் காரணமாயிருந்தவரின் பெயர் வருவதில்லை. செய்தித்தாளில் வராதது பெரிய குறையல்ல. அந்தப் பெயர் விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெறாமல் போவதுதான் குறை. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பில் உள்ள தலைமைப் பொறியாளர்கள், நிலைய அதிகாரிகள், பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. இந்தியக் கடலோரக் காவல் படையை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், துறைமுக இழுவைப் படகுகளை ஓட்டுபவர்களுக்கும் தீவுகளுக்குப் பயணிகள் கப்பல் இயக்குபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த வேலையின் சிரமம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மேல்தளத்தில் நடக்கும் வீரச்செயலைப் பலர் பார்க்கிறார்கள். கீழே நடக்கும் சிறந்த பராமரிப்பின் விளைவோ ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதாகவே இருக்கிறது. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி உறை) வெடிக்கவில்லை, ஜெனரேட்டர் நின்று கப்பல் இருளவில்லை, ஷாஃப்ட் சீல் (புரொப்பெல்லர் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் அடைப்பு) வழியாகக் கடல்நீர் உள்ளே வரவில்லை. நடக்காத ஒன்றுக்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை. ஆகவே, தகுதியானவரின் பெயர் தானாக உங்கள் மேசைக்கு வந்துசேரும் என்று காத்திருக்காமல், நீங்களே இறங்கித் தேட வேண்டும்.

தேடலை இன்ஜின் லாக் புக்கிலிருந்து தொடங்குங்கள். கடந்த ஓராண்டின் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினால், யார் மீட்டரைப் பார்த்து எழுதினார், யார் முந்தைய வரியைப் பார்த்து எழுதினார் என்பது தெரிந்துவிடும். லூப் ஆயில் (உராய்வைக் குறைக்கும் எண்ணெய்) அழுத்தம், ஜாக்கெட் வாட்டர் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வெப்பநிலை, ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (வெளியேறும் புகை) வெப்பநிலை ஆகியவை கடல்நீரின் சூட்டுக்கும் இன்ஜின் சுமைக்கும் ஏற்பச் சிறிதளவு மாறிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேர வாட்ச் (முறைப்பணி) முழுவதும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரத்தின் ஒழுங்கைக் காட்டவில்லை; எழுதியவர் இருக்கையை விட்டு எழவில்லை என்பதையே காட்டுகிறது. இதற்கு மாறாக, ஒரு சிலிண்டரின் வெப்பநிலை வாரக்கணக்கில் மெல்ல ஏறுவதைக் கவனித்து, குறிப்புப் பகுதியில் ‘இன்ஜெக்டரைச் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) சோதிக்கவும்’ என்று எழுதிவைத்த ஒரு கையெழுத்து எங்காவது தென்படும். அந்தக் கையெழுத்து யாருடையது என்று விசாரியுங்கள். நான் பார்த்தவரை, பரிந்துரைக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்தக் குறிப்புப் பகுதியிலேயே கிடைத்துவிடுகிறார்கள்.

அடுத்து, பழுதுப் பதிவேட்டையும் எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பம்பு ஓராண்டில் மூன்று முறை பழுதாகி, நான்காவது முறைக்குப் பிறகு ஒரேயடியாகப் பதிவேட்டிலிருந்து மறைந்துபோனால், அந்த நான்காவது முறை அதைத் திறந்தவர் ஏதோ வேறுவிதமாகச் செய்திருக்கிறார். சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடாமல், பம்பும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கலாம். அதேபோல, லூப் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது அல்லது உலோகத் துகள் கூடியிருக்கிறது என்று ஆய்வுக்கூடம் எழுதிய பிறகு, எண்ணெயை மாற்றியதோடு நிறுத்தியவர் யார், துகள் எந்தப் பேரிங்கிலிருந்து வருகிறது என்று தேடிப்போனவர் யார் என்பதைப் பிரித்துப் பாருங்கள்.

பதிவேடுகள் சொல்லாததை நேரில் போய்த்தான் அறிய முடியும். முன்னறிவிப்பு இல்லாமல், வாட்ச் மாறும் நேரத்தில் இன்ஜின் ரூமுக்குள் சென்று ஓர் ஓரமாக நில்லுங்கள். பொறுப்பை ஒப்படைப்பவர் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டு மேலே ஏறுகிறாரா, அல்லது அடுத்தவரைப் பியூரிபையர் (எண்ணெயைச் சுத்திகரிக்கும் இயந்திரம்) வரை அழைத்துச் சென்று கசிவைக் காட்டிவிட்டுப் போகிறாரா என்று பாருங்கள். தேர்ந்த கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்போடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சில நொடி கேட்பார்கள். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தப் பேரிங்கின் ஒலி மட்டும் தனியாகக் கேட்கும். அதிர்வை அளக்கும் கருவிகள் வந்துவிட்ட பிறகும் இந்தப் பழக்கத்தைக் கைவிடாதவர்களைக் கவனித்து வையுங்கள். கருவி ‘சரி’ என்று காட்டும்போதும் சந்தேகப்படத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. உடைந்ததை இரவோடு இரவாகச் சரிசெய்தவருக்கு விருது கிடைக்கிறது; உடையாமல் பார்த்துக்கொண்டவருக்குக் கிடைப்பதில்லை. இரண்டாமவரின் பக்கம் எடை கூட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் முதலாமவரை ஒதுக்கிவிடவும் கூடாது. உடைவு அவருடைய கவனக்குறைவால் வந்ததா, அல்லது கப்பலின் வயதாலும் உதிரிபாகத் தட்டுப்பாட்டாலும் வந்ததா என்று கேட்டாலே நியாயம் பிறந்துவிடும்.

அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ‘போலார் ஸ்டார்’ என்ற பனி உடைக்கும் கப்பல் இதற்குத் தக்க சான்று. 1976-இல் பணியில் சேர்ந்த அந்தக் கப்பலை, செயலிழந்து ஒதுக்கப்பட்ட அதன் இணைக்கப்பலான ‘போலார் சீ’யிலிருந்து கழற்றிய பாகங்களையும் பயன்படுத்தியே ஓட்டிவந்தார்கள். 2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்குப் பனியை உடைத்துச் செல்லும் வழியில் அதன் ஷாஃப்ட் சீல் கசிந்து, கடல்நீர் உள்ளே புகுந்தது. முக்குளிப்போர் வெளிப்புறத்தில் ஒட்டுப் போட்டு நீர் வரத்தைக் குறைக்க, பொறியாளர்கள் நீர்புகா உடையும் கையுறையும் அணிந்து, கப்பலின் அடித்தளமான பில்ஜில் உறைநிலையில் இருந்த தண்ணீருக்குள் இறங்கி, கப்பலிலேயே செய்துகொண்ட கருவிகளால் சீலைச் சரிசெய்தார்கள். அதே பயணத்தில் மின்சாரம் தடைபட்டபோது, முழு மின்னமைப்பையும் நிறுத்தி மீண்டும் இயக்க ஒன்பது மணி நேரம் உழைத்தார்கள். இவர்களைப் பாராட்டாமல் விடுவது அநீதி. ஏனெனில் அங்கே கோளாறு கப்பலின் முதுமையிலிருந்து வந்தது. கருவியைக்கூடத் தாங்களே செய்துகொள்ளும் அளவுக்கு ஆயத்தமாக இருந்தது அவர்களுடைய தகுதி.

மூன்றாவதாக ஒருவகைப் பொறியாளர் இருக்கிறார். ‘இந்த நிலையில் இன்ஜினைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாது’ என்று எழுத்தில் கொடுத்துக் கப்பலைத் தடுத்து நிறுத்துபவர் அவர். தான் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டதைத் தானே வந்து சொல்பவரும் இந்த வகையைச் சேர்ந்தவரே. இவர்களால் அன்றைய திட்டம் கெடுகிறது, மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆகவே பட்டியலில் இவர்கள் பெயர் இடம்பெறுவது மிக அரிது. ஒருமுறையாவது இப்படிப்பட்ட ஒருவரை வெளிப்படையாகப் பாராட்டிப் பாருங்கள். அதன்பின் உங்கள் பழுதுப் பதிவேட்டில் உண்மை கூடுதலாக எழுதப்படும்.

தேர்ந்தெடுத்த பிறகு பரிந்துரையை எழுத வேண்டும். பெரும்பாலான நல்ல பெயர்கள் தோற்றுப்போவது இந்தக் கட்டத்தில்தான். ‘இவர் கடமை உணர்வுடனும் அர்ப்பணிப்புடனும் இரவு பகல் பாராது உழைத்து இயந்திரங்களைச் சிறப்பாகப் பராமரித்தார்’ என்று எழுதினால், அதை எந்தக் கப்பலின் எந்த மனிதருக்கும் ஒட்டலாம். தேர்வுக் குழுவின் மனத்தில் அது எதையும் பதிக்காது. அதே மனிதரைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அக்டோபர் மாதம் இரண்டாம் எண் ஜெனரேட்டரின் நான்காம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வெப்பநிலை மற்றவற்றைவிட 40 டிகிரி கூடியிருப்பதை இவர் தொடர்ந்து மூன்று வாட்ச்களில் குறித்தார். அலாரம் அடிக்கும் அளவுக்கு அது வராத நிலையிலும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தார்; அதன் நாசில் (முனைத் துளை) தேய்ந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. அதே தொகுதியில் வாங்கிய மற்ற இன்ஜெக்டர்களையும் சோதிக்கக் கோரி எழுதிக்கொடுத்தார். அவற்றில் இரண்டு அதே நிலையில் இருந்தன. நவம்பர் புயலின்போது நடந்த தேடுதல் பணி முழுவதும் அந்த ஜெனரேட்டர் நிற்கவில்லை.’ இது மாதிரிக்காக நான் அமைத்தது. உங்கள் கப்பலின் தேதியையும் எண்களையும் நீங்கள் இட்டுக்கொள்ள வேண்டும். எந்த இயந்திரம், அவர் என்ன பார்த்தார், பிறர் என்ன செய்திருப்பார்கள், அவர் என்ன செய்தார், அதனால் எந்தப் பணி தடைபடாமல் நடந்தது என்ற தொடர் அறுந்துவிடக் கூடாது. குழுவில் இயந்திரம் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால், நாசில் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். இருபது வயதுக் கப்பலையும் புதுக் கப்பலையும் ஒரே தராசில் வைத்துவிடாமலிருக்கக் கப்பலின் வயதையும், கடைசியாகப் பழுதுபார்க்க டிரை டாக் (உலர்துறை) ஏறிய தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பொறியாளர் என்றவுடன் அதிகாரிகளை மட்டும் நினைப்பது இன்னொரு பிழை. கடலோரக் காவல் படையில் டிப்ளமோ முடித்து யாந்திரிக்காக (தொழில்நுட்பப் பணியாளராக) சேர்ந்து, உத்தம் யாந்திரிக், பிரதான் யாந்திரிக் என உயர்ந்து சகாயக் இன்ஜினியர் ஆகிறவர்களின் கைகளில்தான் ஸ்பேனர் இருக்கிறது. கரையில் உள்ள பணிமனையின் வெல்டரையும், சரியான கேஸ்கெட் சரியான நாளில் கிடைக்கும்படி பார்த்துக்கொண்ட ஸ்டோர் ஊழியரையும் சேர்த்துப் பாருங்கள். தேர்வுக் குழுவில் வேறொரு கப்பலின் பொறியாளர் ஒருவராவது இருப்பது நல்லது. சீனியாரிட்டி வரிசைப்படி ‘இந்த ஆண்டு இவருக்கு’ என்று சுற்றிவிடும் வழக்கத்துக்கு இடம்கொடுக்காதீர்கள்.

வழிகள் பல இருக்கின்றன. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அறிவிக்கப்படும், கடலோரக் காவல் படையினருக்கான தட்ரக்ஷக் பதக்கங்கள் வீரச்செயலுக்கு மட்டுமல்லாமல் சிறந்த சேவைக்கும் உரியவை. 1977-இல் படை தொடங்கிய நாளான பிப்ரவரி 1, உலகக் கடலோடிகள் நாளான ஜூன் 25, பணிமனைகளில் இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் ஆயுத பூஜை ஆகியவை கப்பல் அளவிலான பாராட்டுக்கு ஏற்ற நாள்கள். பணி முடிந்த சில வாரங்களுக்குள் எழுதப்படும் சிறிய பாராட்டுக் கடிதம், இரண்டு ஆண்டு கழித்து வரும் பெரிய விருதைவிட ஒருவருக்கு அதிகம் உதவும். அதன் நகல் அவருடைய பணிப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டதா என்பதை நீங்களே சரிபாருங்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் பொறியாளர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1914-இல் சவுத்தாம்ப்டனில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. நம்மவர்களுக்கான சொல்லை அவர்கள் காதால் கேட்கும் காலத்திலேயே சொல்லிவிட முடியும்.

விழா நாளில் பரிந்துரையின் முழு வாசகத்தையும் வாசியுங்கள். பெயரையும் பதவியையும் மட்டும் வாசித்துக் கைகுலுக்கி அனுப்பிவிடாதீர்கள். வந்திருக்கும் மனைவியும் பிள்ளைகளும் அவர் கடலில் என்ன செய்கிறார் என்பதை முதன்முதலாக அறிவது அந்த வாசிப்பில்தான். மேல்தளத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போதும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் ஒருவர் வாட்ச்சில் நின்றுகொண்டிருப்பார். பெரும்பாலும் அவர் விருது பெற்றவரின் தோழராகவோ, அவரிடம் தொழில் பழகியவராகவோ இருப்பார். விழா முடிந்ததும் விருது பெற்றவரை அழைத்துக்கொண்டு இன்ஜின் கண்ட்ரோல் ரூமுக்கு இறங்குங்கள்; கதவைச் சாத்திவிட்டு, அந்த வாசகத்தை வாட்ச்சில் நிற்பவருக்காக இன்னொரு முறை வாசியுங்கள்.