ஐந்தாண்டு கணிதப் படிப்பு: விண்ணப்பத்துக்கு முன் ஒரு வெள்ளைத்தாள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியான வாரத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் மாலை வகுப்பு எடுக்கும் வீட்டுக்கு அப்பாவும் பிள்ளையுமாக நான்கைந்து பேராவது வருவார்கள். “கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சார். ஏதோ ஐந்து வருடப் படிப்பு இருக்கிறதாமே, பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்ந்தே வருமாமே?” என்பார்கள். இருக்கிறது. ஆனால் மே மாதத்தில் கேட்டால், அதற்கான வாசல்கள் பல ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கும். அதனால் இந்தக் குறிப்பைப் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறையில் இருக்கும் பிள்ளையை நினைத்து எழுதுகிறேன்.

முதல் படி: படிவத்தைத் தொடாதீர்கள்

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். கல்லூரிக் கணிதம் என்பது பள்ளிக் கணிதத்தின் கடினமான பதிப்பு என்று நினைத்துச் சேர்பவர்கள்தான் முதல் பருவத்திலேயே துவண்டு போகிறார்கள். பள்ளியில் கேள்வி “காண்க” என்று முடியும். அங்கே “நிறுவுக” என்று முடியும். இந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே மாறுகிறது.

என் மாணவி ஒருத்தியோடு நடந்ததைச் சொல்கிறேன். n² + n + 41 என்ற கோவையைக் கொடுத்து, n-க்கு 0, 1, 2, 3 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். 41, 43, 47, 53 வந்தன. எல்லாமே பகா எண்கள். பத்து வரை போட்டாள். அதற்கு மேல் பொறுமை இல்லை. “எப்போதும் பகா எண்தான் வரும் சார்” என்றாள். “எப்படித் தெரியும்?” “அதுதான் இத்தனை போட்டுப் பார்த்தேனே!”

அவளைக் குறை சொல்ல முடியாது. 39 வரை போட்டாலும் பகா எண்தான் வரும். “40 போட்டுப் பாரம்மா” என்றேன். 1600 + 40 + 41 = 1681. சிறிது நேரம் வகுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்: 41 × 41. நாற்பது முறை உண்மையாக இருந்தது, நாற்பத்தோராவது முறை காலை வாரிவிட்டது.

அடுத்ததாக n³ − n என்பது எப்போதும் 6-ஆல் வகுபடும் என்றேன். இந்த முறை அவள் எண்களைப் போட்டுப் பார்க்கவில்லை. முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு காரணிப்படுத்தினாள்: (n − 1) n (n + 1). அடுத்தடுத்த மூன்று எண்கள். அவற்றில் ஒன்றாவது இரட்டைப்படையாக இருக்கும். ஒன்று மூன்றின் மடங்காக இருக்கும். 2, 3 இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் பெருக்கற்பலன் 6-ஆல் வகுபட்டே தீரும். இப்போது எந்த n-ஐப் போட்டாலும் கவலை இல்லை.

இதைப் படித்தபோது உங்களுக்குள் ஒரு சின்னக் கிளர்ச்சி ஏற்பட்டதா? அல்லது “இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு, தேர்வில் வருமா?” என்று தோன்றியதா? இரண்டாவது என்றால் தப்பில்லை. பொறியியல், கணக்குத் தணிக்கை என்று கணக்கு தேவைப்படும் வேறு நல்ல வழிகள் உண்டு. முதலாவது என்றால், n⁵ − n எப்போதும் 30-ஆல் வகுபடுமா என்று நீங்களே ஒரு வாரம் மல்லுக்கட்டுங்கள். விடையை இணையத்தில் தேடினால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

இரண்டாவது படி: எங்கெங்கே என்று பட்டியல் போடுங்கள்

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். அதன் கணிதத் துறை ராமானுஜன் பெயரிலான புலத்தில் இருக்கிறது. திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். இந்த இரண்டிலும் இளநிலைச் சேர்க்கைக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதே இல்லை.

தெற்கே சிதம்பரத்தில், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டு எம்.எஸ்சி. கணிதம் உண்டு. அது மாநிலப் பல்கலைக்கழகம், விண்ணப்பம் தனி.

ஊரை விட்டுப் போகத் தயார் என்றால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. நாட்டில் ஏழு, நமக்கு அருகில் திருப்பதியும் திருவனந்தபுரமும். அங்கே இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து பி.எஸ்.–எம்.எஸ். என்று ஐந்தாண்டுப் பட்டம். நுழைவுத் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கிலிருந்தும் கேள்வி வரும். கணினி அறிவியல் பிரிவு எடுத்தவர்களும் எழுதலாம், ஆனால் உயிரியலை வெறுங்கையோடு சந்திக்க வேண்டியிருக்கும். புவனேஸ்வரத்தில் இருக்கும் நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நெஸ்ட் என்ற வேறு தேர்வு.

சென்னையை ஒட்டிய சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம் தனி ரகம். அங்கே இளநிலை தனி, முதுநிலை தனி. ஆனால் நிறுவுவதில் உண்மையான ருசி உள்ளவர்கள் அதன் பழைய நுழைவுத் தேர்வுத் தாள்களையாவது வாங்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மூன்றாவது படி: சேர்க்கைக் கையேட்டில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்

மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியேறினால் இளநிலைப் பட்டம் தருவார்களா? ஐந்தாண்டும் முடித்தால் பி.எஸ்சி.க்குத் தனிச் சான்றிதழ் உண்டா? பிற்காலத்தில் பி.எட். படித்துப் பள்ளி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் இரண்டாவது கேள்வி முக்கியம். புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு பட்டத்தின் பெயரும் ஆண்டுக் கணக்கும் பல இடங்களில் மாறிவருகின்றன. அதனால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டின் சேர்க்கைக் கையேட்டையே பாருங்கள்.

தனித்தனியாக மூன்றும் இரண்டுமாகப் படிப்பதும் மட்டமான வழி அல்ல. கடலூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். ஐந்தாண்டுப் படிப்பின் லாபம் நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை என்பதும், முதுநிலை மாணவர்கள் கூடவே இருப்பார்கள் என்பதும்தான்.

நான்காவது படி: சான்றிதழ்கள்

பிள்ளைகள் அலட்சியப்படுத்துவதும் பெற்றோர் அலைவதும் இங்கேதான். மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறி வரும். அந்த நிதியாண்டுக்குரியதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று, இனிஷியல். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் இருந்தது. சாதிச் சான்றிதழில் முன்னால், அதுவும் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக. சேர்க்கை நாளன்று இரண்டு சான்றிதழிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நானும் அப்பாவும் மாலை வரை நின்றோம். கணிதத்தில் நான் எழுதிய முதல் நிறுவல் அதுதான் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதார், பத்தாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ் மூன்றையும் மேசைமீது வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது படி: சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதங்கள்

தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் பள்ளிப் புத்தகத்துச் சொல், வலப்பக்கம் கல்லூரியில் காதில் விழப்போகும் சொல். சார்பு: ஃபங்ஷன். கணம்: செட். எல்லை: லிமிட். தொடர்ச்சி: கன்டினியுட்டி. அணி: மேட்ரிக்ஸ். எண்பது சொற்கள் சேர்ந்தால் முதல் மாதத்து மிரட்சியில் பாதி குறையும். கணிதம் தெரியாமல் விழிப்பது வேறு, சொல் தெரியாமல் விழிப்பது வேறு. என் அனுபவத்தில் முதல் மாதத்தில் பலருக்கு நேர்வது இரண்டாவதுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விடுங்கள். n⁵ − n அங்கே போகட்டும். என் மாணவி அதை முடிக்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாளே “விடையைச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “வேண்டாம் சார்” என்று நோட்டை மூடிக்கொண்டாள்.