துயரக் காலத்தில் தத்துவத்தை எந்த வரிசையில் வாசிப்பது

பெருந்துயரில் இருப்பவரிடம் "எல்லாம் நிலையற்றது" என்று முதல் நாளே சொல்வது, அது உண்மையே ஆனாலும், எரிச்சலைத்தான் தரும். ஆகவே தத்துவத்தில் ஆறுதல் தேடுபவர் எதைப் படிப்பது என்பதோடு எதை முதலில் படிப்பது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். இதற்கு ரோமானிய அறிஞர் பொயீத்தியஸ் எழுதிய 'தத்துவத்தின் ஆறுதல்' நல்ல துணை. கி.பி. 510இல் ரோமின் உயர் அரசுப் பதவியான கான்சல் பதவி வகித்து, 522இல் தம் மகன்கள் இருவரும் ஒருங்கே அப்பதவி ஏற்றதைக் கண்டு மகிழ்ந்த அவர், சில ஆண்டுகளுக்குள் மன்னர் தியோடொரிக்கின் ஆட்சியில் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். மரணத்தை எதிர்நோக்கியிருந்த அந்நாட்களில் எழுதிய இந்நூலில், தத்துவம் பெண்ணுருவில் வந்து அவரோடு உரையாடுகிறது.

முதற்பகுதியை வாசிக்கும்போது உங்கள் குறையையும் முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள். குணமாக வேண்டுமானால் புண்ணைக் காட்டு என்று அப்பெண் கேட்ட பிறகே அவர் அவதூறுகளையும் ரோமின் ஆட்சிப் பேரவையான செனட் தம்மைக் கைவிட்டதையும் கொட்டித் தீர்க்கிறார். நீங்கள் ஒரு தாளில் எழுதலாம். அதில் நடுநிலை காக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அடுத்தது இரண்டாம் பகுதி. நிதானமாக, பலமுறை வாசிக்க வேண்டியது இதுவே. செல்வமும் பதவியும் என்னுடையவை, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று அதிர்ஷ்டதேவியின் குரலில் வரும் வாதம் கேட்கும்போது இனிக்கிறது, ஓய்ந்ததும் துக்கம் திரும்பிவிடுகிறது என்று பொயீத்தியஸே ஒப்புக்கொள்கிறார். பழைய இன்பங்களை நினைவூட்டினால், முன்பு மகிழ்ந்திருந்ததே துன்பங்களில் கொடியது என்கிறார். அப்போது தத்துவம் இழந்தவற்றை விட்டு, இன்னும் உயிரோடிருக்கும் மாமனார் சிம்மாக்கஸ், மனைவி, மகன்கள் பக்கம் பேச்சைத் திருப்புகிறது. நீங்களும் எழுதிய தாளின் மறுபுறத்தில் எஞ்சியிருப்பவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள்.

பணம், பதவி, புகழ் ஆகியவற்றை ஆராயும் மூன்றாம் பகுதிக்கு மனம் சற்றுத் தெளிந்த பின் செல்லலாம். தீயவர்களே உண்மையில் பரிதாபத்துக்குரியவர்கள் என்று வாதிடும் நான்காம் பகுதியை, பிறர் கொடுமையால் வதைபட்டவர்கள் உடனே தொடாமலிருப்பது நல்லது. ஆழமான வாதம்தான், ஆனால் ஆறாத புண்ணில் எரியும். இறைவனின் முன்னறிவையும் மனித சுதந்திரத்தையும் பற்றிய ஐந்தாம் பகுதிக்கு அவசரமே இல்லை.

வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் பிடிக்கவில்லையென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த நூலும் அதற்கு ஈடாகாது. வாதங்களைப் பின்தொடர இயலாத இரவுகளில், உரைநடைக்கு இடையிடையே வரும் 39 கவிதைகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் வாய்விட்டு வாசிக்கலாம்.