எச்.ஓ.ஏ. குடியிருப்பில் வாடகைக்குச் செல்லும் முன்

அமெரிக்காவில் தனி வீடோ டவுன்ஹவுஸோ வாடகைக்குத் தேடும்போது, நல்ல பள்ளிக்கு அருகில், பூங்காவும் நீச்சல் குளமுமாகக் கண்ணில் படும் வீடுகளில் பல, வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்றின் எல்லைக்குள் இருக்கும். நம்மவர்கள் எல்லோரும் எச்.ஓ.ஏ. என்றே சொல்லும் இந்தச் சங்கத்தில் வீட்டின் உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கும் இல்லை, பொதுவாகக் கூட்டத்தில் பேசும் உரிமையும் இல்லை. ஆனால் புல் வெட்டுவது முதல் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பது வரை அதன் விதிகள் அனைத்தும் அவரைக் கட்டுப்படுத்தும். விதியை மீறுவது வீட்டில் குடியிருப்பவர். நோட்டீஸ் போவதோ வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில், இருக்கும் உரிமையாளருக்கு. அவர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து நமக்கு அனுப்புவதற்குள் திருத்திக்கொள்ளக் கொடுத்த கெடு முடிந்து, அபராதம் விழுந்திருக்கும். எச்.ஓ.ஏ. குடியிருப்புகளில் வாடகைதாரர்கள் படும் தொல்லைகளில் பெரும்பகுதி விதிகளின் கடுமையால் வருவதில்லை, இந்த இடைவெளியால்தான் வருகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்த இடைவெளியை எழுத்தில் அடைப்பதற்காகவே இருக்க வேண்டும்.

எந்த ஆவணத்தைக் கேட்பது

"எச்.ஓ.ஏ. விதிகளைக் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று வரும். அது போதாது. குடியிருப்பின் நிபந்தனைகளையும் கட்டுப்பாடுகளையும் அடுக்கும், சி.சி.ஆர். (CC&R) எனப்படும் மூல ஆவணம் கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கும்; அது பொது ஆவணம் என்பதால் உரிமையாளர் தராவிட்டாலும் யாரும் பெறலாம். அதற்குக் கீழே, சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் துணை விதிகள் உண்டு. வாடகைதாரருக்கு அவற்றால் அதிகப் பயன் இல்லை. அதற்கும் கீழே உள்ள நடைமுறை விதிகளும் அபராதப் பட்டியலும்தான் நம் அன்றாட வாழ்க்கையைத் தொடுபவை. பெரும்பாலும் நிர்வாகக் குழுவே இவற்றை மாற்றிவிட முடியும் என்பதாலும், பல இடங்களில் இவை பதிவு செய்யப்படுவதில்லை என்பதாலும், இப்போது நடைமுறையில் இருக்கும் பிரதியை உரிமையாளரிடமோ, சங்கத்தின் வேலைகளைக் கவனிக்கும் நிர்வாக நிறுவனத்திடமோ கேட்டு வாங்க வேண்டும்.

"சங்க விதிகளைப் பெற்றுக்கொண்டேன், படித்தேன்" என்ற வரி வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். கையில் வராத ஆவணத்தைப் பெற்றதாக ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

வாடகைக்கு விட உரிமையாளருக்கு அனுமதி உண்டா

இதைக் கேட்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை. நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்கு விடலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு. வீடு வாங்கி ஓராண்டோ ஈராண்டோ உரிமையாளரே குடியிருந்த பிறகுதான் வாடகைக்கு விடலாம் என்பவையும், குறைந்தபட்ச ஒப்பந்தக் காலத்தை ஆறு மாதம் அல்லது ஓராண்டு என்று வைப்பவையும் உண்டு. அனுமதி பெறாமல் உரிமையாளர் வீட்டைக் கொடுத்துவிட்டால், சட்டப்படி தவறு அவருடையதாக இருந்தாலும், பிள்ளைகளின் பள்ளி நடுவில் பெட்டி கட்ட வேண்டியவர் நீங்களாக இருக்கக்கூடும்.

இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிஃபோர்னியாவில் 2021 ஜனவரி 1 முதல் 25 சதவீதத்துக்குக் குறைவான உச்சவரம்பைச் சங்கம் வைக்க முடியாது. 30 நாள் அல்லது அதற்குக் குறைவான வாடகையை மட்டும் தடுக்கலாம். டெக்சாஸில் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயத்துக்கு உட்பட்ட சங்கங்கள் வாடகை ஒப்பந்தத்தைத் தங்கள் ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லவோ, வாடகைதாரரின் கிரெடிட் அறிக்கையைக் கேட்கவோ முடியாது. பெயர், தொடர்பு விவரம், ஒப்பந்தம் தொடங்கும் தேதி, அதன் காலம் ஆகியவற்றை மட்டும் கேட்கலாம். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்பா என்பதையும் விளம்பரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அவற்றில் குடியிருப்புள்ள வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் அந்த வயதுடைய ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால், சிறு குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு அங்கே பெரும்பாலும் இடம் கிடைக்காது.

நிர்வாக நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இந்த முகவரியை வாடகைக்கு விட அனுமதி உள்ளதா, பதிவுப் படிவம் எது, குடிவரும்போது கட்டணமோ முன்பணமோ உண்டா என்று கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாடகைதாரருக்கு நேரடியாகப் பதில் சொல்ல மறுத்தால், உரிமையாளரையே எழுதச் சொல்லி அந்தப் பதிலின் நகலைப் பெறலாம்.

காரும் காரேஜும்

நோட்டீஸ்கள் அதிகம் வருவது இதில்தான். விதிப் புத்தகத்தில் வாகனப் பகுதியை நிதானமாகப் படித்தால், ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்: காரேஜ் முதலில் வாகனங்களுக்கே பயன்பட வேண்டும், அது நிரம்பிய பிறகே டிரைவ்வேயில் நிறுத்தலாம், இரவில் தெருவில் நிறுத்தக் கூடாது. இரண்டு கார் உள்ள குடும்பம் குடிவந்து, பிரிக்காத அட்டைப் பெட்டிகளையும் பழைய சோபாவையும் காரேஜில் அடுக்கிவிட்டு, கார்களை வெளியே விட்டால் முதல் வாரத்திலேயே விதி மீறப்பட்டுவிடுகிறது. விருந்தினர் பார்க்கிங்கில் தொடர்ந்து எத்தனை இரவு நிறுத்தலாம், அனுமதி அட்டை தேவையா, வண்டியை இழுத்துச் செல்லும் நிறுவனத்தின் பலகை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் வீடு பார்க்கப் போகும் நாளிலேயே கவனியுங்கள். முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் மறுபடி ஒரு முறை போய்ப் பாருங்கள். எத்தனை கார்கள் தெருவில் நிற்கின்றன என்பது, அந்த விதி எவ்வளவு கண்டிப்பாக அமலாகிறது என்பதை எந்த ஆவணத்தையும் விடத் தெளிவாகச் சொல்லும்.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

சங்கத்தின் மாதக் கட்டணம் உரிமையாளருடையது என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். சங்கத்திலிருந்து வரும் எந்த நோட்டீஸையும் உரிமையாளர் மூன்று நாளைக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றும், அப்படி அனுப்பித் திருத்த அவகாசம் கொடுத்த பிறகும் வாடகைதாரரின் செயலால் மீறல் தொடர்ந்தால் மட்டுமே அபராதம் அவரைச் சேரும் என்றும் ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். "எல்லா எச்.ஓ.ஏ. அபராதங்களும் வாடகைதாரர் பொறுப்பு" என்று மொட்டையாக இருக்கும் வரியை அப்படியே ஏற்காதீர்கள், உரிந்து போன வேலிச் சாயத்துக்கும், நீங்கள் வருவதற்கு முன்பே காய்ந்த புல்வெளிக்கும் அது உங்களைப் பொறுப்பாக்கும். சாவி வாங்கும் நாளில் வீட்டின் முன்புறம், வேலி, மரங்கள், அஞ்சல் பெட்டி ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால், பழைய குறைகள் யாருடையவை என்ற வாதமே எழாது.

நீச்சல் குளம், ஜிம் ஆகியவற்றைக் காட்டி வாடகை கூட்டப்பட்டிருந்தால், அவற்றைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு மாற்றித் தரப்படும் என்பதும், நுழைவுச் சாவி எந்தத் தேதியில் கையில் வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உரிமையாளர் கட்டணம் பாக்கி வைத்தால் பொது வசதிகளைச் சங்கம் முடக்கும் இடங்களும் உண்டு.

பாக்கியைப் பற்றி ஃபுளோரிடாவில் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று உள்ளது. உரிமையாளர் சங்கக் கட்டணத்தைக் கட்டத் தவறினால், சங்கம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பாக்கி தீரும் வரை வாடகையைத் தன்னிடமே கட்டச் சொல்ல அங்கே சட்டம் இடம் தருகிறது. அப்படிக் கட்டிய தொகையை உரிமையாளர் மறுபடி உங்களிடம் கேட்க முடியாது. ஆனால் கட்டாமல் விட்டால் சங்கமே உங்களை வெளியேற்ற வழக்குத் தொடரலாம். அத்தகைய கடிதம் வந்தால் உரிமையாளரின் வாய்வார்த்தையை நம்பி ஒதுக்கி வைக்கக் கூடாது.

நம் குடும்பங்களுக்கென்று சில

ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஐந்தாறு மாதம் தங்குவது நமக்கு இயல்பு. ஆனால் விருந்தினர் தொடர்ந்து பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. பெற்றோர் வருகையை முன்கூட்டியே சொல்லி, அவர்கள் இத்தனை மாதம் வரை தங்கலாம் என்று எழுதி வாங்குவதே நேர்மையான வழி. சொல்லாமல் தங்கவைத்தால் வயதான காலத்தில் அவர்கள் தேவையில்லாத பதற்றத்துக்கு ஆளாவார்கள்.

பால்கனிக் கம்பியில் புடவை உலர்த்துவது ஏறக்குறைய எல்லா இடத்திலும் மீறல்தான். கலிஃபோர்னியாவில் வாடகைதாரர் தமக்கே உரிய கொல்லைப்புறத்தில் துணிக்கொடி கட்ட, உரிமையாளரின் ஒப்புதல் உள்ளிட்ட நிபந்தனைகளுடன் சட்டம் இடம் தருகிறது. பால்கனிக்கு அது பொருந்தாது. வாசலில் தோரணமோ சாமி படமோ மாட்டுவதற்கு டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு. கோலத்தைப் பொறுத்தவரை, பொது நடைபாதையை விட்டு வீட்டு வாசற்படிக்குள் மாவிலோ சாக்பீஸிலோ போட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பெயின்டில் போடுவதற்கு மட்டும் முன் அனுமதி வேண்டும். தமிழ் சேனல்களுக்காகச் சிறிய டிஷ் வைப்பவர்களுக்குக் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதி ஒன்று 1999 முதல் துணை நிற்கிறது: ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ்ஷை, உங்கள் தனிப் பயன்பாட்டில் உள்ள பால்கனியிலோ முற்றத்திலோ வாடகைதாரரும் வைக்கலாம். பொதுக் கூரையிலும் வெளிச்சுவரிலும் வைக்க இந்த உரிமை இல்லை.

நோட்டீஸ் வந்துவிட்டால்

முதலில் குறையைச் சரிசெய்யுங்கள், சரிசெய்ததைப் படமெடுங்கள், அன்றே உரிமையாளருக்கும் அவர் மூலம் நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள். நியாயமற்றது என்று தோன்றினால் வாதாட வேண்டிய இடம் சங்கம் நடத்தும் விசாரணைதான். அதைக் கேட்கும் உரிமை பெரும்பாலும் உரிமையாளருடையது என்பதால், கெடுவுக்குள் அவரைக் கேட்கவைக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 14 நாள் முன்னறிவிப்பும், நிர்வாகக் குழுவைச் சாராத குறைந்தது மூவர் கொண்ட குழுவின் முன் விசாரணையும் இல்லாமல் அபராதம் விதிக்க முடியாது. அங்கே வாடகைதாரர்மீதே அபராதம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. கலிஃபோர்னியாவில், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்காத மீறலுக்கு 2025 ஜூலை முதல் 100 டாலருக்கு மேல் விதிக்க முடியாது. பிள்ளைகள் வெளியே விளையாடவே கூடாது என்பது போன்ற விதியோ, உங்கள் மதத்தையோ பிறந்த நாட்டையோ குறிவைத்த நடவடிக்கையோ என்றால், அது சங்கத்தின் உள்விவகாரம் அல்ல. பாகுபாட்டைத் தடுக்கும் 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்தும்.

வீட்டைக் காலி செய்யும்போது, பெரிய லாரியை நிறுத்தவும் பழைய கட்டில் மெத்தைகளை வெளியே வைக்கவும் என்ன விதி என்று முன்வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுச் சாவிகளையும் பார்க்கிங் அட்டைகளையும் ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். இந்த முகவரிக்கு நிலுவையில் மீறலோ அபராதமோ இல்லை என்று நிர்வாக நிறுவனத்திடமிருந்து ஒரு வரி மின்னஞ்சலை உரிமையாளர் மூலம் பெற்று வைத்தால், முன்பணத்தில் எச்.ஓ.ஏ. பெயரைச் சொல்லிப் பிடித்தம் செய்ய இடமிருக்காது.