மாணவர் மடிக்கணினியில் கேஷையும் குக்கீகளையும் அழிக்கும் முறை

பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் சனிக்கிழமை மாலைதோறும் நடக்கும் துணைப்பாட வகுப்பில், மாணவர்கள் கொண்டுவரும் மடிக்கணினிகளைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. உள்நுழைவுப் பக்கம் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டு மீண்டும் தன்னிடமே திரும்பி வருகிறது. ஆசிரியர் மாற்றிவிட்டதாகச் சொல்லும் அட்டவணை பழைய வடிவிலேயே தெரிகிறது. 'அனுப்பு' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. இப்படிப்பட்ட எல்லாவற்றுக்கும் மாணவர்கள் கைக்கொள்ளும் மருந்து ஒன்றுதான்: இணையம் பார்க்கப் பயன்படும் குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவியில் சேர்ந்திருப்பதை எல்லாம் அழித்துவிடுவது. மருந்து பல வேளைகளில் சரியானதே, ஆனால் அழிக்கும் பெட்டியில் உள்ள எல்லாக் கட்டங்களையும் தேர்வு செய்து, 'எல்லாக் காலமும்' என்று குறித்து அழிக்கும்போது, கோளாறுக்குத் தொடர்பே இல்லாதவையும் சேர்ந்து போய்விடுகின்றன. ஆகவே சிறியதிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் பெரியதற்குப் போகும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கேஷ் வேறு, குக்கீ வேறு. ஓர் இணையத்தளத்தின் படங்கள், வடிவமைப்புக் கோப்புகள், நிரல் கோப்புகள் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் இறக்காமல் இருப்பதற்காக உலாவி தன்னிடம் வைத்துக்கொள்ளும் நகல்களே கேஷ். தளத்தைப் புதுப்பித்த பிறகும் உலாவி பழைய நிரல் கோப்பையே பயன்படுத்தினால், பக்கம் சிதைந்து தெரியும் அல்லது பொத்தான் வேலை செய்யாது. குக்கீ என்பது தளம் உங்கள் உலாவியிடம் கொடுத்துவைக்கும் சிறு குறிப்பு. பெரும்பாலும் ஒன்று 4 கிலோபைட்டைத் தாண்டாது. சர்வர், அதாவது தளத்தை அனுப்பிவைக்கும் கணினி, ஒவ்வொரு கோரிக்கையையும் புதியவரிடமிருந்து வருவதுபோலவே பார்க்கும் என்பதால், வந்தவர் யார் என்பதை நினைவில் வைக்க, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கனைப் போன்றது இது. டோக்கன் பழையதாகிவிட்டாலோ, இரண்டு டோக்கன்கள் கலந்துவிட்டாலோ, தளம் உங்களை அடையாளம் காண முடியாமல் வாசலுக்கே திருப்பி அனுப்புகிறது. பக்கத்தின் தோற்றமோ செயலோ கெட்டிருந்தால் முதலில் கேஷையும், உள்நுழைவதில் சிக்கல் என்றால் முதலில் குக்கீயையும் சந்தேகிப்பது என் வழக்கம்.

எதையும் அழிப்பதற்கு முன், விண்டோஸ் மடிக்கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் கேஷைத் தவிர்த்துப் புதிதாக இறக்கும் கட்டளை இது. பழைய அட்டவணை தெரியும் சிக்கல் பல வேளைகளில் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், என் அழுத்தி இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, அதே தளத்துக்குப் போய்ப் பாருங்கள். ஃபயர்பாக்ஸில் என் எழுத்துக்குப் பதிலாக பி. அந்தச் சாளரம் உங்கள் பழைய குக்கீகளை எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் தனியாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய, உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்களான நீட்சிகளும் அதில் இயங்குவதில்லை. தளம் அங்கே ஒழுங்காகத் திறந்தால், கோளாறு சேமித்த கேஷிலோ குக்கீயிலோ ஏதோ ஒரு நீட்சியிலோ இருக்கிறது என்று பொருள். விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சி இருந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டு வழக்கமான சாளரத்தில் முயலுங்கள். இன்காக்னிட்டோவிலும் அதே கோளாறு தெரிந்தால், பெரும்பாலும் தவறு தளத்திலோ இணைப்பிலோ இருக்கும். அழிப்பதால் பயன் வராது. இந்த ஒரு நிமிடச் சோதனையை எந்த மாணவரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குவது. குரோமில் தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள சிறு குறியைச் சொடுக்குங்கள். அதில் குக்கீகளும் தளத் தரவும் என்ற பகுதிக்குள் போனால், இந்தச் சாதனத்தில் உள்ள தளத் தரவை, அதாவது தளம் உங்கள் உலாவியில் சேமித்துவைத்தவற்றை, நிர்வகிக்கும் வழி கிடைக்கும். தளங்களின் பெயர்களுக்கு எதிரே குப்பைத்தொட்டிக் குறி இருக்கும். உங்களுக்குச் சிக்கல் தரும் தளத்தின் பெயரை மட்டும் நீக்கி, பக்கத்தை மீண்டும் ஏற்றி, புதிதாக உள்நுழையுங்கள். மெனு மலாய் மொழியில் இருந்தால், குக்கீக்கு 'குக்கி' என்றும் அழிப்பதற்கு 'பாடாம்' என்றும் இருக்கும். திருப்பிவிடுதல் அளவுக்கு மீறிவிட்டது என்ற அறிவிப்பும், குக்கீ மிகப் பெரிதாகிவிட்டது என்ற 400 எண் பிழையும் இந்த ஒரு செயலிலேயே அடங்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மற்ற தளங்களில் நீங்கள் உள்நுழைந்தபடியே இருப்பீர்கள்.

இந்தப் படியைத் தாண்டி அவசரப்பட்டதால் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவ மாணவி ஒருவர், வீட்டில் இரண்டு நாள் இணைப்பு இல்லாததால், கூகுள் டாக்ஸில் ஆஃப்லைனாகவே தம் இடுபணிக் கட்டுரையை எழுதியிருந்தார். இணைப்பு வந்ததும் பள்ளித் தளம் திறக்கவில்லை என்று, எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். சேமித்த கடவுச்சொற்கள் போயின. மறுபடி உள்நுழைய முயன்றபோது, உறுதிப்படுத்தும் எண் அம்மாவின் கைப்பேசிக்குப் போனது. அம்மாவோ பிறையில் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருந்தார். மறுநாள் என்னிடம் வந்து ஆவணத்தைத் திறந்தபோது, "சார், பாதி வாக்கியத்துல நிக்குது" என்றார். ஆஃப்லைனில் எழுதியவை கூகுளின் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை உலாவியின் தளத் தரவுக்குள்தான் இருக்கும். குக்கீயுடன் தளத் தரவையும் அழிக்கும்போது அவையும் அழியும். மீட்க வழி கிடையாது. ஆகவே அழிப்பதற்கு முன், ஆவணத்தைத் திறந்து, அது டிரைவில் சேமிக்கப்பட்டுவிட்டது என்ற குறிப்பு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். உறுதிப்படுத்தும் எண் எந்தக் கைப்பேசிக்கு வரும், அது இப்போது அருகில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தேவை இருந்தால், குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் அழுத்தினால் அழிக்கும் பெட்டி திறக்கும். சேமித்த படங்களும் கோப்புகளும் என்ற கட்டத்தை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள், அதுதான் கேஷ். அது போதவில்லை என்றால் மட்டும் குக்கீக் கட்டத்தையும் சேர்த்து, கோளாறு இன்றைக்குத்தான் தொடங்கியது என்றால் காலத்தை 24 மணி நேரமாக, ஃபயர்பாக்ஸில் 'இன்று' என, வையுங்கள். கடவுச்சொற்கள், தானாக நிரப்பும் விவரங்கள் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். குரோமில் கூகுள் கணக்கோடு ஒத்திசைவு (எல்லாக் கருவிகளிலும் ஒரே விவரங்கள் இருக்கச் செய்யும் அமைப்பு) வைத்திருப்பவர் வரலாற்றையோ கடவுச்சொற்களையோ அழித்தால், அந்தக் கணக்கிலிருந்தும் மற்றக் கருவிகளிலிருந்தும்கூட அவை நீங்கிவிடும். மேக் வைத்திருப்பவர்கள் சஃபாரியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தளத்தைப் பெயர் சொல்லித் தேடி நீக்கலாம்.

மடிக்கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காகக் கேஷை அழிப்பது பயன் தராது. அழித்த பிறகு ஒவ்வொரு பக்கமும் முதல் முறை இன்னும் மெதுவாகவே திறக்கும். கைப்பேசி டேட்டாவில் படிக்கும் வீடுகளில் டேட்டாவும் கூடுதலாகச் செலவாகும். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி எந்தத் தாவல் நினைவகத்தைத் தின்கிறது என்று பார்த்து, அதை மூடுவதே நல்லது. கடிகாரம் பின்தங்கியுள்ளது என்ற எச்சரிக்கைக்கும் அழிப்பதற்கும் தொடர்பில்லை. பழைய மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் தேதி பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பொருந்தாது என்று உலாவி தளத்தைத் தடுத்துவிடும். விண்டோஸ் அமைப்புகளில் நேரத்தைத் தானாக அமைக்கச் சொல்லி, நேர மண்டலத்தைக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வையுங்கள். மின்கலத்தைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

வாரந்தோறும் அழித்தும் அதே கோளாறு திரும்பி வருகிறது என்றால், ஒரே உலாவியில் பல கணக்குகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளிப் பாடங்களுக்கான டெலிமா இணையத்தளத்துக்கெனக் கல்வியமைச்சு வழங்கிய கணக்கு, மாணவரின் சொந்த ஜிமெயில், தம்பியின் கணக்கு என்று மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். முதலில் உள்நுழைந்த கணக்கையே கூகுள் இயல்பான கணக்காக எடுத்துக்கொள்வதால், ஆசிரியர் அனுப்பிய இணைப்பு சொந்த ஜிமெயிலில் திறந்து, அனுமதி இல்லை என்று சொல்லும். குரோமின் மேல் வலப்பக்கம் உள்ள வட்டப் படத்தைச் சொடுக்கி, பள்ளிக் கணக்குக்கு ஒரு சுயவிவரம் (புரொஃபைல்), சொந்தக் கணக்குக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று எனத் தனித்தனியே உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் குக்கீயும் கேஷும் தனியாக இருக்கும். ஒன்றில் அழிப்பது மற்றொன்றைத் தொடாது. ஆளுக்கொரு நிறம் கொடுத்துவிட்டால், ஆசிரியரின் இணைப்பைத் திறக்கும் முன் எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடனே தெரியும்.